வாங்கியவர் யாரும் விற்காத வீடு

இப்போதெல்லாம் பேய்க்கதை சொல்கிறவனுக்குப் பேயும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் போகிறான். வௌவால் பறந்தால் "ஐயோ" என்று கத்துகிறான். அதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. வீடு வாங்குகிறவன் லட்சணமும் அதேதான். டைல்ஸைப் பார்க்கிறான், பாத்ரூம் குழாயைத் திருகிப் பார்க்கிறான், வாசலில் நின்று படம் எடுக்கிறான். ஒருத்தனாவது சுவரைத் தட்டிப் பார்க்கிறானா? கிடையாது.

நான் சொல்லப்போவதில் வெள்ளைச் சேலை கிடையாது. கொலுசுச் சத்தம் கிடையாது. ராத்திரியே கிடையாது. பட்டப்பகல். ஊர் மகாராஜபுரம். போன வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மணி 12.05-லிருந்து 12.50 வரை. நடந்தது. நம்புகிறவன் நம்பட்டும். நம்பாதவன் எழுந்து போகட்டும். எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

நான் ராஜபாளையத்துக் கொத்தனார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நாற்பத்து நாலு வருஷம் கரணை பிடித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் சுவரை நன்றாகப் படிப்பேன். சுவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனுஷனுக்கு அது மட்டும்தான் தெரியும்.

எனக்கு ஒரே மகள், அழகுத்தாய். மருமகன் லிங்கேஸ்வரன் கிருஷ்ணன்கோவிலில் ஒரு காலேஜில் லேப் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்தாள். இரண்டையும் நான்தான் வேண்டாம் என்றேன். மம்சாபுரத்து வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது, சொன்னேன். சொன்னது தப்பா?

மூன்றாவதாகத்தான் இந்த மகாராஜபுரத்து வீடு. போகும்போதே பஸ்ஸில் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இதையும் நொட்டை சொல்லிக் கெடுத்தீங்கன்னா, பொறவு நான் உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். பாத்துக்கோங்க."

"சுவர் சரியா இருந்தா நான் ஏன்ட்டி சொல்லப்போறேன்?"

"உங்களுக்கு எந்தச் சுவர்தான் சரியா இருந்திருக்கு?"

அவள் சொன்னால் செய்வாள். என் ரத்தம்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதும் மதார் சாகிப்பைப் பார்த்தோம். வில்லங்கச் சான்று, பழைய பத்திரம், வாரிசுச் சான்று எல்லாவற்றையும் தேடி எடுத்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். பழைய ஆள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசுவார்.

"கொத்தனாரே, வீட்டைக் கட்டுனது ஜகந்நாதன்னு ஒருத்தர். ஆண்டாள் கோயில்ல கைங்கரியம் பண்ணுனவர். அறுபத்தி ரெண்டுல கட்டினாரு. அவர் காலமானதும் அவர் மகன் வித்தான். வாங்குனது நாராயணின்னு ஒரு டீச்சர். அந்தம்மா போனதும் தம்பி வித்தான். வாங்குனது சௌந்தரவல்லி. அவிய போனதும் இப்ப மகன் ப்ரஹலாத் விக்காரு. கோயம்புத்தூர்ல இருக்காரு. வில்லங்கம் ஒண்ணும் இல்ல. பத்திரம் சுத்தம்."

"அப்பாடா," என்றாள் அழகுத்தாய்.

சாகிப் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"ஒண்ணுதான்... இந்தத் தொழில்ல எம்புட்டோ பத்திரம் பாத்தாச்சு. இந்த வீட்டை வாங்குனவிய யாரும் வித்ததே இல்ல. அறுபது வருஷமா வாரிசுதான் விக்குது. சும்மா சொன்னேன்."

"நல்ல வீடுன்னா யாரு பாய் விப்பா?" என்றார் மருமகன். படித்தவர் பேச்சு. சாகிப் சிரித்தார். நானும் சாகிப்பை ஏளனமாகத்தான் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்துப் பயப்படுகிறவன் எல்லாம் ஒரு ஆளா?

மகாராஜபுரத்தில் புரோக்கர் தங்கப்பாண்டியன் சாவியோடு நின்றான். வாய் நிறையப் பல், பல் நிறையப் பொய். வீட்டைத் திறந்து காட்டினான். தேக்கு நிலை, ஓட்டுக் கூரை, கடப்பைக்கல் தரை. அழகுத்தாய் ஒவ்வொரு அறையாக ஓடினாள். "இங்க பீரோ... இங்க சாமி..." என்று கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காச்சு.

பசி வந்துவிட்டது அவர்களுக்கு. மூன்று பேரும் வத்திராயிருப்புக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள்.

"நீங்க போங்க. நான் சுவரைத் தட்டிப் பாத்துட்டு இருக்கேன்," என்றேன்.

"அண்ணாச்சி விட மாட்டாரு," என்று இளித்தான் தங்கப்பாண்டியன். சாவியை என்னிடம் கொடுத்தான்.

மணி 12.05. அன்றைக்கு மாதாந்திர கரண்ட் கட். தெருவில் ஒரு மோட்டார் சத்தம்கூட இல்லை.

பையிலிருந்து கரணையையும் தூக்குக்குண்டையும் எடுத்தேன். முன் அறை சரி. நடு அறை சரி. கடைசி அறைக்குள் போனேன். மணி 12.20.

உள்ளே கால் வைத்ததுமே ஒரு வாசனை. பச்சை சிமெண்ட் வாசனை. அப்போதுதான் கலவை குழைத்த மாதிரி. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு அது.

கிழக்கு, தெற்கு, வடக்குச் சுவரில் ஒட்டடை தொங்கியது. மேற்குச் சுவரில் ஒரு நூல் இல்லை. ஒரு பல்லி இல்லை.

அந்தச் சுவரைக் கரணைக் காம்பால் தட்டிக்கொண்டே போனேன். மூன்று இடத்தில் சத்தம் மாறியது. மூன்றும் அடைப்பு.

இது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். அந்த உடலைத் தலைவாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. பின் சுவரை இடித்து, ஆள் போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அது வழியாகக் கொண்டுபோவார்கள். போனவர்கள் திரும்புவதற்குள் கொத்தனார் அதை அடைத்துவிட வேண்டும். அடைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்றும் ஒரு பேச்சு. நானே ஏழெட்டு அடைப்பு அடைத்திருக்கிறேன். மட்டம் சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துத்தான் வந்திருக்கிறேன். என்ன ஆச்சு எனக்கு? ஒன்றும் ஆகவில்லை.

மூன்று அடைப்பையும் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன். முதலாவது சுண்ணாம்புக் கலவை. இரண்டாவது சுண்ணாம்பும் சிமெண்டும். மூன்றாவது முழு சிமெண்ட். ஜகந்நாதன், நாராயணி, சௌந்தரவல்லி. சாகிப் காகிதத்தில் தேடியதைச் சுவர் வரிசையாக வைத்திருந்தது. கட்டியவரும் வாங்கிய இரண்டு பேரும் இதே அறையில், இதே ஐந்து நட்சத்திரத்துக்குள் போயிருக்கிறார்கள்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். சாகிறவன் நாள் பார்த்தா சாகிறான்?

தூக்குக்குண்டைப் பிடித்தேன். சுவர் நூல் பிடித்த மாதிரி நின்றது. மூன்று முறை இடித்த சுவர் இப்படி நிற்பதைப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது அடைப்புக்குப் பக்கத்தில் சுவர் முழுசாக இருந்தது. குந்தி உட்கார்ந்து அங்கேயும் தட்டினேன்.

டொக். டொக்.

மணி 12.35.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

டொக்... டொக்... டொக்.

என் கை நின்றது. நான் தட்டியது இரண்டு. வந்தது மூன்று.

யாரோ பொடியன் விளையாடுகிறான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். பின்கதவை ஆட்டிப் பார்த்தேன், பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. முன்வாசல் வழியாக இறங்கி, சந்தில் சுற்றி, பின்பக்கம் போக மூன்று நிமிடம்.

ஒருத்தரும் இல்லை.

சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஓடினால் முள் கிழித்துவிடும். தரை காய்ந்து வெடித்திருந்தது. மழை பெய்து மூன்று மாதம்.

ஆனால் சுவரடியில் மட்டும்... சகதி.

சகதியில் ஒரு கால் தடம். வழுக்கி இழுத்த தடம்.

நிமிர்ந்து பார்த்தேன்.

வெளிப்பக்கம் நாலு அடைப்பு இருந்தது.

உள்ளே மூன்று. வெளியே நாலு.

நாலாவது ஈரம். சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. மேல் மூலையில் செங்கலுக்குப் பதிலாக ஒரு நீல டைல்ஸ் துண்டு செருகியிருந்தது. கீழே, ஓரத்தில், ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

என் வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டு. கல் அறுக்கிற மெஷினில் பட்டது. நகத்துக்குக் கீழே குறுக்காக ஓடும்.

அந்தப் பதிவிலும் குறுக்காக ஒரு கோடு.

என் விரலை வைத்தேன்.

பொருந்தியது.

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. தெருவுக்கு வந்தபோது மணி 12.50. எதிர்வீட்டில் சுந்தரம்மாள் என்கிற அம்மாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால யாரும்மா பூச்சு வேலை பாத்தது?" என்றேன்.

"யாரு பாத்தா? நீங்கதான பதினோரு மணிலேருந்து டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தீக. காது போச்சு."

"நான் வந்ததே பன்னெண்டு மணிக்கும்மா."

அவள் கை நின்றது. பிறகு புளியைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். மருமகனையும் புரோக்கரையும் பின்பக்கம் கூட்டிப்போனேன். மூன்று அடைப்புதான் இருந்தது. சகதி இல்லை. நாலாவது இருந்த இடம் பழைய காரை, காய்ந்து கிடந்தது.

"என்ன மாமா, விரல்ல சிமெண்ட்டு? அதுக்குள்ள வேலைய ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் மருமகன்.

விரலைப் பார்த்தேன். நகக்கண் முழுக்க ஈர சிமெண்ட்.

வியாழக்கிழமை பத்திரப் பதிவு. வீடு அழகுத்தாய் பேரில். அதாவது, வாங்குகிறவள் அவள்.

என்ன சொல்வது? சுவர் எனக்குப் பதில் சொன்னது என்றா? நானே எத்தனை பேரைக் காறித் துப்பியிருக்கிறேன், இப்படிப் பேசினதுக்கு. என் வாயில் அது வரவில்லை. வேறு வந்தது.

"மேற்குச் சுவர் சாஞ்சிருக்கு. ரெண்டு வருஷம் தாங்காது. வேண்டாம்."

நாற்பத்து நாலு வருஷத்தில் ஒரு சுவரைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

அழகுத்தாய் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"குண்டு பிடிங்கப்பா. நான் பாக்கேன்."

"எனக்குத் தெரியும்."

"பிடிங்கன்னு சொல்லுதேன்ல?"

நான் பிடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவள் வேறு பஸ்ஸில் போனாள். மருமகன் எனக்குப் பயந்து பதிவுக்குப் போகவில்லை. மகள் சொன்னபடியே என் வாசப்படி மிதிக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு போன். மணி ராத்திரி 8.10. பெண் குரல், படித்த குரல்.

"ஐயா, என் பேர் ப்ரியம்வதா. மகாராஜபுரத்து வீட்டை நான் வாங்குறதா இருக்கேன். நீங்க வேண்டாம்னு சொன்னீங்களாமே. எதிர்வீட்டம்மா நம்பர் வாங்கித் தந்தாங்க. என்ன காரணம்னு சொல்ல முடியுமா?"

நல்ல பிள்ளை. இந்தக் காலத்தில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றியது பாருங்கள், நூற்றில் ஒருத்திக்குத் தோன்றாது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பாள்? கிழட்டுக் கொத்தனார், பேய்க்குப் பயந்தவன்.

"மேற்குச் சுவர் சாஞ்சிருக்கும்மா," என்றேன்.

"அவ்வளவுதானா ஐயா?"

"அம்புட்டுதான்."

அவள் ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போய்ப் பார்த்திருக்கிறாள். அவன் லெவல் மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு, சுவர் இம்மியும் சாயவில்லை, எவன் சொன்னது என்று சிரித்தானாம். அவன் சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் பொய். வாங்கிவிட்டாள்.

ஐப்பசி. அடைமழை. ஒரு வியாழக்கிழமை காலை 7.30-க்குத் தங்கப்பாண்டியன் என் வாசலில் வண்டியை நிறுத்தினான். பல் தெரியவில்லை.

"அண்ணாச்சி, ஒரு வேலை. வேற யாருக்கும் அந்த வேலை தெரியல."

"என்னலே?"

"அந்த வீட்டம்மா... ராத்திரி தூக்கத்துலயே போயிருச்சு. நாப்பத்தோரு வயசு. ஒரு நோய் இல்ல, நொடி இல்ல. சதய நட்சத்திரமாம். அடைப்பு. சொவரை இடிச்சுத்தான் கொண்டுபோகணும்னு அவங்க அம்மா ஒத்தக்கால்ல நிக்காவ."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணைத் தலைவாசல் வழியாக விடமாட்டார்கள், சுவரை இடிக்கவும் ஆள் இல்லை என்றால் எங்கே கிடப்பாள்? போனேன்.

கடைசி அறையில்தான் கட்டில். பழைய அடைப்புகளைத் தொடக் கூடாது, புதிதாகத்தான் இடிக்க வேண்டும். மீதி இருந்தது ஒரே ஒரு இடம், மூன்றாவது அடைப்புக்குப் பக்கத்தில். இடித்தேன். 10.40-க்கு அவளை அது வழியாகக் கொண்டுபோனார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை.

எல்லோரும் மயானத்துக்குப் போனார்கள். அவள் அம்மாவைச் சுந்தரம்மாள் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டாள். தங்கப்பாண்டியன் வீட்டைப் பூட்டி, சாவியோடு டீக்கடைக்குப் போனான். வீட்டுக்குள் ஒரு உயிர் இல்லை. நான் மட்டும் பின்பக்கம், மழை விட்ட சகதியில்.

11.00 மணிக்குக் கலவை குழைத்தேன்.

12.30-க்கு மேல் வரிசை. மூலையில் ஒரு துண்டு இடம் மீந்தது. செங்கல் தீர்ந்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன். அடுக்களைக்கு அந்தப் பெண் புதிதாக ஒட்டியதில் மீந்த டைல்ஸ் காலடியில் கிடந்தது. உடைந்த துண்டு.

நீலம்.

வேறு தேடினேன். கருவேல மரத்தடி வரைக்கும் போய்த் தேடினேன். ஒரு ஓட்டுச் சில்லுகூடக் கிடைக்கவில்லை. மயானத்துக்குப் போனவர்கள் வந்துவிடுவார்கள்.

செருகினேன். வேறு என்ன செய்ய?

அப்போது சுவரின் உள்பக்கமிருந்து கேட்டது.

டொக். டொக்.

பூட்டின வீடு.

நான் யோசிக்கவில்லை. துண்டு அமுங்குவதற்காகக் கரணைக் காம்பால் தட்டுவது என் பழக்கம். கை அதுவாகவே தட்டியது.

டொக்... டொக்... டொக்.

மணி பார்த்தேன்.

12.35.

உள்ளே யாரோ எழுந்திருக்கிற அரவம். பின்கதவை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிற சத்தம். பிறகு முன்வாசலை நோக்கிக் காலடி.

சுற்றி வர மூன்று நிமிடம். எனக்குத்தான் தெரியுமே.

கரணையைப் பையில் போட்டேன். திரும்பினேன். கால் வழுக்கியது. விழாமல் இருக்கச் சுவரில் கை ஊன்றினேன்.

கட்டைவிரல் ஈர சிமெண்டில் பதிந்தது.

சகதியில் கால் வழுக்குவது உலகத்தில் நடக்காததா? ஆள் இல்லாத வீட்டில் பெருச்சாளி ஓடாதா? நீல டைல்ஸ் ஒரே வீட்டில்தான் இருக்குமா? பேய் பிசாசு என்று எவனாவது என்னிடம் வந்து சொன்னால் இப்போதும் செருப்பால் அடிப்பேன்.

செத்த நேரம் அங்கே நின்றிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். சந்தில் சுற்றி வருகிறவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆடி மாதம் ஒரு பிள்ளை போன் பண்ணும், அவளிடம் சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லாதே, பார்த்ததைச் சொல் என்று.

ஆனால் அங்கே நிற்கிறவன், வருகிறவன் யார் என்று நம்புகிறவனாக இருக்க வேண்டும்.

அன்றைக்குச் சந்து முனையில் காலடி கேட்டது.

நான் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல், முள்ளுக்குள்ளே புகுந்து நடந்தேன்.